பள்ளி வாசலில் ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடை: சட்டம் என்ன சொல்கிறது, இனி என்ன செய்வது?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்திலிருந்து முக்கியமான பகுதிகளை மட்டும் கீழே தருகிறோம். ஊர், பெயர் போன்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறோம்.

எழுதியவர் ஒரு கிராமத்தின் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர். அவருடைய மகளும் அதே பள்ளியில் படிக்கிறாள். முந்நூறு வீடுகள் உள்ள ஊர். நடுவே ஓடும் தார்ச்சாலையை ஒட்டியே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் இருக்கின்றன. சென்ற ஆண்டு அந்தச் சாலையை 5.5 மீட்டரிலிருந்து 7 மீட்டராக அகலப்படுத்திப் புதிதாகத் தார் போட்டார்கள். அன்றிலிருந்து கல்குவாரி டிப்பர்களின் வேகம் கூடிவிட்டது. நான்கு மாதங்களுக்கு முன், பள்ளி விட்டு வந்த ஆறாம் வகுப்பு மாணவன்மீது டிப்பர் மோதி, அவனுடைய தொடை எலும்பு முறிந்தது. மறுநாள் சாலை மறியல் நடந்தது. பத்து நாளில் வேகத்தடை போடுவதாக அதிகாரிகள் வாயால் சொன்னார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த இளைஞர்கள், ஒரே இரவில் எம்-சாண்டும் சிமெண்டும் கலந்து பள்ளி வாசலுக்கு நேராகத் தாங்களே ஒரு மேடு கட்டினார்கள். ஒரு முழம் அகலம், ஒரு சாண் உயரம். அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தார்கள். மூன்றாம் நாள் இரவு, பைக்கில் வந்த வெளியூர்த் தம்பதி அதில் ஏறி விழுந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தலையில் பலத்த அடி. மேட்டை நெடுஞ்சாலைத் துறையினர் இடித்துவிட்டார்கள். இரண்டு இளைஞர்களைக் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

அவர் கேட்பவை இவை. எங்கள் ஊர் பஞ்சாயத்து ரோட்டில் நாங்கள் வேகத்தடை போட்டது எப்படிக் குற்றமாகும்? கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டுத் திரும்பக் கட்டலாமா? வளைவில் பார்வையை மறைக்கும் புளியமரத்தை வெட்டிவிடலாமா? டிப்பர் உரிமையாளர் 25,000 ரூபாய் கொடுத்து, இனி வழக்கு ஏதும் இல்லை என்று அந்தப் பையனின் அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார். இனி அவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காதா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது.

அந்தச் சிறுவனின் இழப்பீடு

25,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்த அந்தத் தாளைப் பார்த்துக் குடும்பம் பயப்பட வேண்டாம். பாதிக்கப்பட்டவன் மைனர். அவனுடைய உரிமையை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி முடித்துவிட முடியாது. வாங்கிய பணத்தை, பின்னால் தீர்ப்பாகும் தொகையிலிருந்து கழிப்பார்கள், அவ்வளவுதான். டிப்பருக்குக் காப்பீடு இருந்தால் இழப்பீட்டைத் தரப்போவது காப்பீட்டு நிறுவனம். உரிமையாளரோடு பகை வளருமோ என்ற தயக்கமும் அதனால் தேவையில்லை.

ஆனால் காலம் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்யச் சொல்கிறது. உங்கள் கணக்குப்படி நான்கு மாதம் போய்விட்டது. இந்த வாரமே மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் குடும்ப வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வழக்கறிஞர் தருவார்கள். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்-ரே படங்கள், மருந்துச் சீட்டுகள், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிச் செலவு, பையனின் பிறந்த தேதிக்கான சான்று ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கொண்டுபோகட்டும். விபத்து அறிக்கையை 3 மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவது அதே சட்டத்தின் 159-வது பிரிவின்படி காவல்துறையின் கடமை. அது போய்விட்டதா என்று நிலையத்தில் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வளரும் வயதில் தொடை எலும்பு முறிந்தால், எலும்பு கூடிய பிறகும் இரண்டு கால்களின் நீளத்தில் வித்தியாசம் வரக்கூடும். அது தெரியவே மாதங்கள் ஆகலாம். எலும்பு மருத்துவரிடம் இரண்டு கால்களையும் அளந்து குறித்துத் தரும்படி இப்போதே கேளுங்கள். ஊனச் சான்று வாங்கும் நாளில் அந்த அளவு உதவும்.

விசாரணைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்கள்

அவர்களுடைய கோபமும் அக்கறையும் புரிகிறது. இருந்தாலும் உங்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பொது வழியில் ஆபத்தோ தடையோ உண்டாக்குவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் குற்றம்; அபராதம் 5,000 ரூபாய் வரை. அது சிறியது. கவலைப்பட வேண்டியது 125-வது பிரிவு. பிறர் உயிருக்கு ஆபத்து தரும் அஜாக்கிரதையான செயலால் கொடுங்காயம் ஏற்பட்டால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. அந்தப் பெண் இறந்திருந்தால் 106-வது பிரிவு வந்திருக்கும். அதில் 5 ஆண்டு வரை. நல்ல நோக்கத்தோடு செய்தார்கள் என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்லும் வாதமாகலாம். குற்றமே இல்லை என்று ஆக்காது.

வழக்கறிஞர் ஒருவரோடு நிலையத்துக்குப் போகட்டும். கேட்டதற்கு உண்மையைச் சொல்லட்டும். வீடியோவை அழிக்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள், கேட்க வேண்டாம். பலர் பார்த்த ஸ்டேட்டஸை அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாகத் தனிக் குற்றச்சாட்டு வரக்கூடும். கட்டியது நாங்கள் இல்லை என்று ஊரே சேர்ந்து சொல்வதும் வேண்டாம். அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் போய்ப் பாருங்கள். அவரும் இந்தச் சாலையில் அடிபட்ட இன்னொருவர்தான்.

சாலை உங்கள் ஊராட்சியுடையதா?

கடிதம் முழுவதும் "எங்கள் பஞ்சாயத்து ரோடு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓர் இடத்தில், பள்ளிக்கு அருகே கறுப்பும் வெள்ளையுமாகக் கிலோமீட்டர் கல் நிற்பதாகவும் சொல்கிறீர்கள். 7 மீட்டருக்கு அகலப்படுத்தியதையும் மேட்டை நெடுஞ்சாலைத் துறையே வந்து இடித்ததையும் சேர்த்துப் பார்த்தால், இது மாவட்ட முக்கியச் சாலையாகவோ மாவட்ட இதரச் சாலையாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டுமே மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளவை. மஞ்சள் கல் தேசிய நெடுஞ்சாலைக்கு, பச்சைக் கல் மாநில நெடுஞ்சாலைக்கு. ஊராட்சிக்குள் ஓடும் தெருக்களும் கிராமச் சாலைகளும்தான் ஊராட்சியுடையவை. ஊர்களை இணைக்கும் சில சாலைகள் ஊராட்சி ஒன்றியத்தின் வசம் இருக்கும்.

ஆகவே கிராம சபைத் தீர்மானத்தைக் காட்டி அங்கே நீங்களே மறுபடி கட்ட முடியாது. சாலைக்குச் சொந்தக்காரர் செய்ய வேண்டியதைத் தீர்மானம் கேட்கலாம். செய்ய அனுமதி தராது. ஊராட்சி நிதியை அந்த வேலைக்குச் செலவிட்டால் தணிக்கையில் ஆட்சேபணை வரும். அடுத்த விபத்தில் பொறுப்பும் வரும். ஆனால் தீர்மானத்துக்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆபத்து இருக்கிறது என்று இந்தத் தேதியில் எழுத்தில் தெரிவித்தோம் என்பதற்கு அது ஆதாரம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வந்த 198A பிரிவின்படி, சாலை வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உரிய தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் பாதிக்கப்பட்டவருக்கு நேராகப் போகாது, மோட்டார் வாகன விபத்து நிதிக்குத்தான் போகும். இருந்தும், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்த ஊரின் மனுவை எந்தப் பொறியாளரும் அலட்சியமாக ஒதுக்க மாட்டார்.

வேகத்தடை மட்டும் போதாது

உங்கள் ஊர் கேட்டது ஒரே ஒரு வேகத்தடை. நான் கேட்கச் சொல்வது வேறு. டிப்பர் ஓட்டுநர் பள்ளி வாசலுக்கு வந்த பிறகு பிரேக் போடுவதால் பயன் இல்லை. ஊர் எல்லையில் நுழையும்போதே அவர் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழ வேண்டும்.

வளைவு முடியும் இடத்திலிருந்து பள்ளி வாசல் சுமார் 60 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, பிரேக் மிதித்து, வண்டி முழுதாக நிற்கத் தேவையான தூரத்தைப் பொறியாளர்கள் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 80 மீட்டர் வேண்டும். 50-க்கு 60 மீட்டர், 40-க்கு 45 மீட்டர், 30-க்கு 30 மீட்டர். உங்கள் வளைவைத் தாண்டி 60-ல் வரும் வண்டி, எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும், வாசலில் ஓடிவரும் பிள்ளைக்கு முன்னால் நிற்காது. 50-ல் வந்தால் மயிரிழை. அதிக பாரம் ஏற்றிய டிப்பருக்கு இந்தத் தூரமும் போதாது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய வேகம் 30.

இதை மனுவில் வெறும் வார்த்தையாக எழுதாமல் அளந்து எழுதுங்கள். கருவி தேவையில்லை. சாலையோரத்தில் டேப் பிடித்து, 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போடுங்கள். வண்டியின் முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது செல்போன் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, இரண்டாம் கோட்டில் நிறுத்துங்கள். 180-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 3 விநாடி என்றால் 60; நாலரை விநாடி என்றால் 40; 6 விநாடி என்றால் 30. நூறு வண்டிகளை எடுங்கள். டிப்பர், பேருந்து, கார், பைக் என்று தனித்தனியாகக் குறியுங்கள். போனை நீட்டிக்கொண்டு ரோட்டோரம் நிற்க வேண்டாம். பார்த்ததும் வேகத்தைக் குறைப்பார்கள். கடைத் திண்ணையில் உட்கார்ந்தே அளக்கலாம். பிறகு வேகங்களைக் குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கி, 85-வது வண்டியின் வேகம் என்ன என்று பாருங்கள். பொறியாளர்கள் பார்க்கும் எண் அதுதான். காலை பள்ளி தொடங்கும் நேரத்திலும் மாலை விடும் நேரத்திலும், 15 நிமிடத்துக்கு எத்தனை பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள் என்று எண்ணி அதையும் சேருங்கள்.

இனி, மனுவில் கேட்க வேண்டியவை, ஓட்டுநர் கண்ணில் படும் வரிசையில்.

ஊர் எல்லையில்: 30 கி.மீ. வேக வரம்புப் பலகையும் பள்ளி எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். வேக வரம்பை மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவின்கீழ் முறையாக அறிவித்த பிறகு வைத்தால்தான் காவல்துறை அபராதம் போட முடியும். ஊர்க்காரர்கள் எழுதிவைத்த பலகைக்கு அந்த வலு இல்லை. துறை வைக்கும் பலகைகளுக்கு முன்னால் சாலைக்குக் குறுக்கே சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் ஆறு தடித்த அதிர்வுப் பட்டைகள் வேண்டும். இவை வண்டியை நிறுத்தாது, ஓட்டுநரை உஷார்ப்படுத்தும். சத்தம் அதிகம், இரவெல்லாம் தடதடவென்று கேட்கும். அதனால் வீடுகளிலிருந்து தள்ளியே போடச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் போட்டால் மூன்றாம் மாதம் உங்கள் ஊரே அதைச் சுரண்டச் சொல்லும்.

சாலையின் இருபுற ஓரக் கோடுகள்: இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 5.5 மீட்டராக இருந்தபோது எதிரே வண்டி வந்தால் ஒதுங்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கமே வேகத்தைக் குறைத்தது. இப்போது 7 மீட்டர் தாராளம் இருக்கிறது, வேகமும் வந்துவிட்டது. ஊருக்குள் மட்டும் ஓரக் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் ஓடும் தடத்தையும் 3 மீட்டராகக் காட்டினால் ஓட்டுநரின் கண்ணுக்குச் சாலை குறுகும். செலவு பெயிண்டுக்கு மட்டுமே.

வேகத்தடை: பள்ளிக்கு இருபுறமும் ஒவ்வொன்று, ஒன்றுக்கொன்று 100 முதல் 120 மீட்டர் இடைவெளியில். மாவட்டச் சாலையில் போடலாமா, எங்கே போடலாம் என்பதை முடிவு செய்வது நெடுஞ்சாலைத் துறையும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவும். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டியில் உள்ள வட்டவில் வடிவத்தின் அளவு இது: அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 செ.மீ., வளைவின் ஆரம் 17 மீட்டர். இதில் 25 கி.மீ. வேகத்தில் வந்தால் வண்டி அலுங்காமல் ஏறி இறங்கும். உங்கள் இளைஞர்கள் கட்டியது ஒரு முழ அகலம், ஒரு சாண் உயரம். 3.7 மீட்டர் மேட்டில் பைக்கின் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி நிற்கும். ஒரு முழ மேட்டிலோ முன்சக்கரம் இறங்கியதும் பின்சக்கரம் எகிறும். அந்த எகிறலில்தான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் தூக்கி எறியப்படுகிறார்கள். 108 ஆம்புலன்ஸில் முதுகுத்தண்டு அடிபட்டவர் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மேட்டுக்கு 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை, மேட்டின்மீது கறுப்பு வெள்ளைப் பட்டை, இரவில் ஒளிரும் பதிப்புகள் ஆகிய மூன்றும் இல்லாத வேகத்தடை பொறிதான்.

கடக்கும் இடமும் பேருந்து நிறுத்தமும்: வாசலுக்கு நேரே வரிக்குதிரைக் கோடு. அரை மீட்டர் வெள்ளை, அரை மீட்டர் இடைவெளி என்று மாறி மாறி வர வேண்டும். கண்ணாடி மணி கலந்த தெர்மோபிளாஸ்டிக் பெயிண்டில் போட வேண்டும். சாதாரண பெயிண்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. உங்கள் பேருந்து நிறுத்தம் கோட்டுக்கு முன்னால் இருப்பதாகத் தெரிகிறது. அப்படி இருந்தால் இறங்கிய பிள்ளைகள் நிற்கும் பேருந்தின் முகப்பைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். பேருந்தை முந்திவரும் டிப்பர் அவர்களைப் பார்க்காது, அவர்களும் டிப்பரைப் பார்க்க மாட்டார்கள். நிறுத்தத்தைக் கோட்டைத் தாண்டி 20, 30 மீட்டர் தள்ளிவைத்தால் பிள்ளைகள் பேருந்துக்குப் பின்னால் நடந்து வந்து கடப்பார்கள். நிழற்குடை பழைய இடத்திலேயே இருந்தாலும் பரவாயில்லை, பேருந்து நிற்கும் இடம் மாறினால் போதும்.

வெளிச்சம்: தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு, இதற்கு யாரையும் கெஞ்ச வேண்டாம். ஊருக்கு ஒரு உயர்கோபுர விளக்கு வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் யோசனை வேறு. அது திருவிழாத் திடலுக்குச் சரி. கடக்கும் இடத்துக்கு, வண்டி வரும் பக்கத்தில் கோட்டுக்குச் சற்று முன்னால், இருபுறமும் ஒவ்வோர் எல்.இ.டி. விளக்கு போதும். அப்போது கடப்பவரின் உடலில் வெளிச்சம் விழும், ஓட்டுநருக்கு முகம் தெரியும். விளக்கு கடப்பவருக்குப் பின்னால் இருந்தால் வெறும் நிழல்தான் தெரியும்.

நடக்க இடம்: சாலையோர வடிகாலின் மூடிகள் உடைந்ததால் எல்லோரும் தார்மீது நடப்பதாகச் சொல்கிறீர்கள். வேகத்தடைக்கு நிகரான அவசரம் இது. மூடிப் பலகைகளைச் சமமாகப் போட்டால் அதுவே நடைபாதை ஆகிவிடும். 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் கிடைப்பது நல்லது. தார் உயர்ந்த பிறகு ஓர மண் தாழ்ந்து கிடந்தால், ஒதுங்கும் பைக் சறுக்கும். அதை மண் கொட்டி மட்டமாக்கும்படி அதே மனுவில் கேளுங்கள்.

புளியமரம்

வெட்ட வேண்டாம், வெட்டவும் உங்களுக்கு உரிமை இல்லை. நெடுஞ்சாலை ஓரத்து மரம் துறையின் சொத்து. வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தை உற்றுப் பாருங்கள். வாசலை மறைப்பது அடிமரமா? மரத்தில் கட்டிய பிளெக்ஸ் பலகையும், டீக்கடையின் முன்சாய்ந்த தகரக் கொட்டகையும், நிழலுக்கு ஒதுங்கி நிற்கும் லாரியும்தான் பெரும்பங்கு மறைக்கின்றன. பிளெக்ஸைக் கழற்றி, தாழ்ந்த கிளைகளைத் துறை மூலம் கவாத்து செய்து, வளைவில் வண்டி நிறுத்தத் தடைப் பலகை வைத்தால் பார்வை திறக்கும். கொட்டகையைக் கடைக்காரர் நாலடி உள்ளே இழுத்தால் ஊருக்குள்ளேயே பேசி முடிக்கலாம். மறுத்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-வது பிரிவின்கீழ் மனு கொடுக்க வழி இருக்கிறது. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் தண்டில் வெள்ளைப் பட்டையும் ஒளிரும் தகடும் இருக்கட்டும்.

டிப்பர்கள்

குவாரி வண்டிகளை ஊர் வழியாக முழுதாகத் தடுப்பது நடக்காது. பள்ளி நேரத்தில் தடுக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஒரு சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைக் கட்டுப்படுத்த இடம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை. காலை 8.30 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 5 வரை டிப்பர் வரக்கூடாது என்று முதலில் ஒரு மாதச் சோதனையாக மாவட்ட ஆட்சியரிடம் கேளுங்கள். சோதனை மாதத்தில் விபத்தோ நெரிசலோ இல்லை என்றால் நிரந்தரமாகக் கேட்பது சுலபம். அதிக பாரத்துக்கு அதே சட்டத்தின் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. வண்டி எண், தேதி, நேரத்தோடு படம் எடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு அனுப்புங்கள். வண்டியை மறித்து ஓட்டுநரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

யாரிடம், எப்படி

ஒரே மனுவை நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளருக்கும் கோட்டப் பொறியாளருக்கும் முகவரியிடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் ஆட்சியருக்கும், காவல் கண்காணிப்பாளருக்கும், வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் நகல் வையுங்கள். ஆட்சியர் நகலைத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இந்த மாவட்டக் குழு பெயருக்கு இருக்கும் அமைப்பு அல்ல. கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 30.11.2017 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாவட்டங்களிலும் இக்குழுவை அமைக்கச் சொல்லி உத்தரவிட்டது. அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் உங்கள் சாலையைச் சேர்க்க வேண்டும் என்று மனுவில் ஒரு வரி கண்டிப்பாக எழுதுங்கள்.

கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்ததில் இப்படித் தீர்மானம் வரட்டும்: "பள்ளியின் இருபுறமும் 200 மீட்டருக்கு மணிக்கு 30 கி.மீ. வேக வரம்பு அறிவிக்கவும், இணைப்பில் உள்ள வேக அளவீட்டின்படி சாலைப் பாதுகாப்பு ஆய்வு நடத்தவும், ஐ.ஆர்.சி. 99 அளவில் வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகைகளும் அமைக்கவும் நெடுஞ்சாலைத் துறையைக் கேட்டுத் தீர்மானிக்கப்படுகிறது." வேகத்தடை வேண்டும் என்று மட்டும் ஒற்றை வரியில் எழுதினால், பதிலும் ஒற்றை வரியில் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இதே தீர்மானத்தைப் போட்டு இணையுங்கள்.

இதோடு, 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனுவும் போடுங்கள். சாலையின் வகைப்பாடு, அகலப்படுத்திய பணியின் மதிப்பீட்டு நகல், ஒப்பந்ததாரர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம் எதுவரை, சாலைப் பாதுகாப்பு ஆய்வு அறிக்கை, முடித்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில் பலகைகளுக்கும் கோடுகளுக்கும் எழுதிய பக்கங்கள் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். இப்படிப்பட்ட பணிகளின் மதிப்பீட்டில் பலகையும் பெயிண்டும் வழக்கமாகவே சேர்ந்திருக்கும். புத்தகத்தில் எழுதியிருந்து சாலையில் இல்லை என்றால், புதிய நிதி கேட்க வேண்டியதே இல்லை. செய்யாத வேலையைச் செய்யச் சொன்னால் போதும். பதில் 30 நாளில் வர வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் அசைவே இல்லை என்றால், மனுவும் ரசீதும் தீர்மானமும் அளவீட்டுத் தாளும் கையில் இருக்க, உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு போடலாம். மறியலை மட்டும் மறுபடி யோசிக்காதீர்கள். வழக்குப் பதிவானால் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் ஆண்டுக்கணக்கில் அலைவார்கள்.

அனுமதி வரும்வரை

பள்ளிக்குப் பக்கச் சந்தில் ஒரு சிறு கதவு இருப்பதாகவும் அது பூட்டியே கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே அதைத் திறக்கச் சொல்லுங்கள். மணி அடித்ததும் முன்வாசலில் பிள்ளைகள் நேராகத் தார்ச்சாலைக்கு ஓடிவரும் வேகம் அதிலேயே பாதியாகும். வகுப்பு வகுப்பாக ஐந்து நிமிட இடைவெளியில் விடலாம். பெற்றோர் இருவர் ஒளிரும் மேலங்கி போட்டு, பிள்ளைகளை ஓரத்தில் நிறுத்திவைத்துக் கூட்டமாகக் கடக்க வைக்கட்டும். சாலை நடுவில் நின்று லாரியை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதற்குக் காவலர் ஒருவரை அந்த அரைமணி நேரத்துக்கு நிலையத்தில் எழுதிக் கேளுங்கள். கல், டிரம், மரக்கட்டை எதையும் சாலையில் வைக்க வேண்டாம். காவல்துறை தடுப்பு வைத்தாலும் ஒளிரும் பட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வேகத்தடை போடும் நாளில் உங்கள் குழுவிலிருந்து இருவர் டேப்போடு அங்கே இருக்க வேண்டும். ரோலர் ஓட்டி முடித்ததும், தார் இறுகுவதற்குள் அளந்துவிடுங்கள். அடி அகலம் 3.7 மீட்டர். ஓரத்திலிருந்து சுமார் 93 செ.மீ. உள்ளே வந்தால் உயரம் 7.5 செ.மீ.; நடுவில் 10 செ.மீ. நடுவில் சரியாக இருந்து ஓரம் செங்குத்தாக இருந்தால் அது இளைஞர்கள் கட்டியதைப் போலத்தான் எகிறும். அப்போதே சொன்னால் தட்டிச் சரிசெய்வார்கள், மறுநாள் சொன்னால் உடைத்துத்தான் போட வேண்டும். சாலை விளிம்பில் மழைநீர் ஓட வழி இருக்கட்டும். ஆனால் பைக் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் எல்லோரும் அந்த ஓரமாகவே, நடப்பவர்களை உரசிக்கொண்டு போவார்கள். பெயிண்ட் அடிக்கும்வரை ஒளிரும் தடுப்பும் விளக்கும் வைக்காமல் பணியாளர்களை அன்றிரவு கிளம்ப விடாதீர்கள். அடுத்த முறை மேல்தார் போட வரும்போது கோடும் பட்டையும் மேடும் அதன் அடியில் மறைந்துவிடும். அந்த மதிப்பீட்டில் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று, வேலை தொடங்கும் முன்பே உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.